வாசல் அலமாரியில் கிடந்த அடையாளங்கள்

தரணிக்குச் சந்தேகம் பிறந்த வீட்டுச் சீதனம். ஊத்துக்குளியில் அவளுடைய தந்தை வெண்ணெய் வியாபாரம் செய்தவர். சுற்றுப்பட்டுத் தோட்டங்களிலிருந்து வந்து இறங்கும் வெண்ணெய்ப் பானையை அவர் மேலாக முகர்ந்து பார்த்து விலை பேசியதே கிடையாது. நீண்ட கம்பி ஒன்றை அடிவரை செருகி, மெல்ல உருவி, நுனியில் ஒட்டியதை இரு விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்த பிறகே வாயைத் திறப்பார். எதிரில் நிற்பவர் கூடப் பிறந்த தங்கையே ஆனாலும் கம்பி இறங்கத்தான் செய்யும். யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை. பள்ளிவிட்டு வந்து அந்தக் கடையிலேயே வீட்டுப் பாடம் எழுதி வளர்ந்த பெண்ணுக்கு, மேலே தெரிவதற்கும் அடியில் இருப்பதற்கும் வேறுபாடு இருக்கும் என்ற எண்ணம் எழுத்தோடு எழுத்தாகப் படிந்துவிட்டது.

கல்லூரியில் கணினி அறிவியல் படித்து முடித்தவள், முதலிபாளையம் தொழிற்பேட்டையை ஒட்டி இருந்த சுப்பண்ணன் என்பவரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த சில ஆண்டுகளில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் புதிய வடிவமைப்புப் படங்கள் வேறொரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த விவகாரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள்தான். படங்களை அனுப்பியவர் அலுவலகத்திலேயே மிகவும் இனிமையாகப் பேசக்கூடிய மனிதர். அன்று முதல் கணினிப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பில் வந்தது. அன்று முதல் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது. அவள் தையல் கூடத்துக்குள் நுழைந்தால், "சிபிஐ வருது, வாயை மூடுங்கடி" என்று வரிசை வரிசையாகத் தகவல் ஓடும். அவள் காதிலும் அது விழும். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

நிறுவனத்தில் முன்பு இருந்த கணினி ஏற்பாட்டை நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசும். உற்பத்திப் பகுதி முழுமைக்கும் ஒரே ஒரு பயனர் பெயர். அதன் கடவுச்சொல் கம்பெனியின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். துணி வந்ததைப் பதிவு செய்தவர், சாயத்தை ஏற்றவர், வெட்ட அனுமதித்தவர் எல்லோரும் அந்த ஒரே பெயரில் உள்ளே போய் வந்தார்கள். தவறு நேர்ந்தால் ஏறத்தாழ நாற்பது முகங்கள் ஒரே பெயருக்குப் பின்னால் மறைந்துகொள்ளும்.

பழைய மென்பொருளை விட்டுவிட்டு, இணையத்தின் வழியே இயங்கும் மேகக் கணிமை மென்பொருளுக்கு மாறுவதென்று சுப்பண்ணன் முடிவு செய்தபோது, தரணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். உள்ளே வருகிறவர் யார், அவர்தாமா என்பதற்கு என்ன அத்தாட்சி, வந்தபின் அவர் எதைத் தொடலாம் என்ற மூன்றையும் தீர்மானிக்கும் அடையாளச் சேவை ஒன்றைத் தனியே அமைத்த பிறகே புதிய மென்பொருளைத் திறக்க வேண்டும் என்றாள்.

"எனக்குமா கண்ணு?" என்று கேட்டார் முதலாளி.

"உங்களுக்குத்தானுங்க ஐயா மொதல்ல."

அவர் சிரித்துவிட்டார். சம்மதம் கிடைத்தது.

அவள் தனி ஆளாக உட்கார்ந்து அதை அமைத்தாள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பெயர், சொந்தமாக ஒரு கடவுச்சொல். அத்துடன் முடியவில்லை. கடவுச்சொல்லை இட்டதும் அவரவருடைய கைப்பேசிக்கு ஒரு கேள்வி போகும்: 'உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?' அங்கே 'ஆம்' என்று அழுத்தினால்தான் கணினித் திரை திறக்கும். கடவுச்சொல்லை ஒருவர் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இன்னொருவரின் கைப்பேசியை எப்படித் தம் சட்டைப் பையில் வைத்திருக்க முடியும்? இதை நினைக்க நினைக்க அவளுக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவிலும் சந்தேகம் அடங்கவில்லை. திரையைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களை நினைத்து, சிறிது நேரம் யாரும் விசையைத் தொடாவிட்டால் கணினி தானாகப் பூட்டிக்கொண்டு மறுபடியும் எல்லாவற்றையும் கேட்கும்படி வைத்தாள்.

பயிற்சி நாளில்தான் அவள் ஓரிடத்தில் வளைந்து கொடுத்தாள். கணினித் திரையில் தோன்றும் எண்ணைக் கைப்பேசியிலும் தட்டினால்தான் 'ஆம்' செல்லுபடியாகும் என்று முதலில் வைத்திருந்தாள். உற்பத்தி மேலாளர் மகுடேஸ்வரன் அதைக் கேட்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அம்மிணி, இது பேங்குங்களா, பனியன் கம்பெனிங்களா? செக்கிங்ல இருக்கற பொம்பளைக நம்பரைப் பாத்து நம்பரை அடிச்சு, அது தப்பாப் போயி மறுக்கா அடிச்சு... சிப்மென்ட்டு கப்பல்ல போகோணும்ங்க, கப்பல் போனதுக்கப்புறம் போகக் கூடாது."

பயிற்சிக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். தரணி அந்த எண்ணை எடுத்துவிட்டாள். பூட்டிய திரையின் மேலேயே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள் தோன்றும்படியும் செய்து கொடுத்தாள். அவரவர் கைப்பேசி அவரவர் கையில்தானே இருக்கப் போகிறது என்பது அவள் கணக்கு. பயிற்சி நடந்த அலுவலகக் கூடத்தில் எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கத்தான் செய்தது.

புதிய முறை தொடங்கிய முதல் வாரத்தில் மகுடேஸ்வரன் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். "ஆளுக எல்லாரும் அப்பப்ப வாசல் கேட்டுக்கு ஓடறாங்க அம்மிணி. இந்த லாகினுக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்க."

வேலைக்கு மட்டம் போட ஒரு சாக்கு என்று அவள் நினைத்தாள். விதியைத் தளர்த்தச் சொல்லிப் போடும் தூண்டில் என்றும் நினைத்தாள். "அது உங்க டிபார்ட்மென்ட்டு சமாச்சாரமுங்க சார். என்ன ஏற்பாடு வேணும்னாலும் நீங்களே பண்ணிக்குங்க. ரூலை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பின் ஒரு புகாரும் வரவில்லை. மனிதர்கள் முறைக்குப் பழகிவிட்டார்கள் என்று அவள் மகிழ்ந்தாள்.

அந்த மகிழ்ச்சியின் நடுவில்தான் கருநீலத் துணி விவகாரம் வெடித்தது.

சாயப்பட்டறையிலிருந்து வந்த துணிச் சுருள்களில் நிறம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்து, ஏற்கலாம் அல்லது நிறுத்தலாம் என்று கணினியில் பதிவு செய்வது முத்துப்பேச்சியின் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஐம்பதை நெருங்கும் வயது. அவர் பெயரில் 'ஏற்கப்பட்டது' என்று பதிவான கருநீலத் துணி வெட்டப்பட்டது, தைக்கப்பட்டது, பெட்டியில் அடுக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து இரண்டு சட்டைகளைச் சன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, சரக்கு வேண்டாமென்று பெட்டிகளை மூடச் சொன்னார். ஒரு சட்டையின் கை ஒரு நீலம், உடல் வேறு நீலம்.

தரணி கணினிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். ஒரு குழப்பமும் இல்லை. மதிய வேளையில், நிறம் பார்க்கும் அறையிலுள்ள கணினியில், முத்துப்பேச்சியின் பெயரும் கடவுச்சொல்லும் இடப்பட்டிருந்தன. முத்துப்பேச்சியின் கைப்பேசியிலிருந்து 'ஆம்' வந்திருந்தது. போதாததற்கு, அந்தச் சாயப்பட்டறையில் துணி அனுப்பும் பிரிவில் வேலை பார்ப்பவன் முனீஸ், முத்துப்பேச்சியின் அக்காள் மகன். கம்பி அடியைத் தொட்டுவிட்டது என்று தரணிக்குத் தோன்றியது.

முதலாளியின் அறைக்கு அழைத்துப் போவதற்காக அவள் தையல் கூடத்துக்குப் போனாள். துணி வராத நேரங்களில் அங்கே நூல் வெட்டும் மேசையில் இருக்கும் முத்துப்பேச்சி, எழுந்திருக்கத் தயங்கினார். "நான் என்னம்மா செஞ்சேன்? அந்தத் துணிய நிப்பாட்டித்தானே வச்சேன்?" என்று அவர் கேட்டபோது, அக்கம்பக்கத்து மேசைகளில் கத்தரிக்கோல்கள் நின்றுவிட்டன.

"நீங்க சொல்றதும் சிஸ்டம் சொல்றதும் வேற வேறயா இருக்குதுங்க. சிஸ்டம் பொய் சொல்லாது" என்றாள் தரணி. சற்று உரக்கவே சொன்னாள்.

முதலாளியின் கண்ணாடி அறையில் மகுடேஸ்வரன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முத்துப்பேச்சி நின்றபடியே பேசினார்.

"வெளிச்சத்துல விரிச்சுப் பார்த்தேன் அய்யா. ஒரு ரோலு ஊதா அடிக்கி, ஒரு ரோலு கரேல்னு கெடக்கு. இது ஆகாது, நிப்பாட்டுதேன்னு சாருகிட்டயும் வாய்விட்டுச் சொன்னேன்."

"எங்கிட்ட எப்பங்க சொன்னீங்க?" என்றார் மகுடேஸ்வரன். "சொல்லியிருந்தா நான் கட்டிங் போட்டிருப்பனா? எனக்கென்ன பைத்தியமுங்களா?"

சுப்பண்ணன் தரணியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. வேற ஆராச்சும் இந்தம்மா பேருல உள்ள போயிப் பண்ணியிருக்க முடியுமா?"

"முடியாதுங்க ஐயா. பாஸ்வேர்டு அவங்களுது, போனும் அவங்களுது. ரெண்டும் சேந்தாத்தான் தெறக்கும்."

"போனா?" முத்துப்பேச்சி திடுக்கிட்டார். "ஃப்ளோருக்குள்ள எங்கிட்ட ஏதும்மா போனு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். உள்ள கொண்டு வரக் கூடாதுங்கற போனு எப்படி வந்துச்சு?"

அந்த ஆலையில் அது பெரிய குற்றம். வாங்குகிற நிறுவனங்களின் புதிய வடிவமைப்புகளை யாரும் படமெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, தொழிலாளர்களின் கைப்பேசிகளைக் காலையில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முதலாளியின் முகம் இறுகியது.

"மொதல்ல எல்லாம் நாங்க கேட்டுக்கு ஓடுவோம்மா. அப்புறம் சாருதான், ஓட வேண்டாம்..." என்று முத்துப்பேச்சி தொடங்கினார்.

"பேச்சை மாத்தாதீங்க" என்று மகுடேஸ்வரன் குறுக்கிட்டார். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

முத்துப்பேச்சிக்கு கண்ணில் நீர் வந்தது. தரணி அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். "சனிக்கிழமை சம்பளத்தோட நின்னுக்கட்டும்" என்று சுப்பண்ணன் முடித்தார்.

அத்துடன் விட்டிருந்தால் அவள் தரணி அல்லள். தொழிலாளர் தரப்பிலிருந்து யாரேனும் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு இன்னொரு சான்றும் இருக்கட்டும் என்று நினைத்தாள். அன்றைக்கு முத்துப்பேச்சி கைப்பேசியை ஒப்படைக்காமல் உள்ளே கடத்திவந்ததை வாசற்காவலரின் வாயால் கேட்டுவிட்டால் போதும். மறுநாள் காலை வாசலுக்குப் போனாள்.

காவலர் நல்லான் சேவூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். வாசலறையில் அவருக்குப் பின்னால் புறாக்கூண்டு போல எண்ணிட்ட கட்டங்கள் கொண்ட மர அலமாரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கைப்பேசி.

"கருநீல லாட்டு வந்த அன்னைக்கு முத்துப்பேச்சி போனைக் குடுத்தாங்களாண்ணா?"

"குடுத்தாங்க அம்மிணி. அதுல என்ன சந்தேகம்? அந்தம்மா போனு சேவக்கோழியாட்டக் கூவும். அன்னைக்கு மத்தியானம் சோத்துல கைய வெக்கறேன், கூவுது. நம்ம ஊட்டுக் கோழி வந்திருச்சாட்டிருக்குதுன்னு வண்டிக்காரனுக கூடச் சிரிச்சானுக."

தரணி எதிர்பார்த்த பதில் இது அன்று. கைப்பேசி இங்கே கிடந்தது என்றால், 'ஆம்' என்று அழுத்திய விரல் யாருடையது? "கூவுனதும் எடுத்தது ஆருங்க?"

நல்லான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது... ஆரு கூப்புடறாங்கன்னு பாத்து வெச்சிருவனுங்க. வண்டி வருதுங்க அம்மிணி, கேட்டைத் தெறக்கோணும்" என்று எழுந்துவிட்டார். வண்டி எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

இவருக்கும் இதில் பங்கு உண்டு என்று அவளுக்கு உறுதியாயிற்று. முத்துப்பேச்சியும் முனீஸும் இந்த மனிதரும் சேர்ந்து ஆடிய ஆட்டமா? ஒன்றும் தெரியாததுபோல் தன் கைப்பேசியை எடுத்து நீட்டினாள். "இனிமே நானும் ரூல்படிங்ணா. இதையும் ஒரு கட்டத்துல வெச்சுக்குங்க."

மாடிக்குப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். கணினியிலிருந்து வெளியேறினாள். மறுபடியும் தன் பெயரை இட்டாள், கடவுச்சொல்லை இட்டாள். 'உங்கள் கைப்பேசியில் உறுதி செய்யுங்கள்' என்று திரை காத்திருந்தது. அவளுடைய கைப்பேசி கீழே வாசலறையில். அவள் இரு கைகளும் மேசையின் மேல்.

திரை திறந்துகொண்டது.

நிறுவனம் முழுவதிலும் மிக உயர்ந்த அதிகாரம் உள்ள பெயர் அது. யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம், நீக்கலாம், யாருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம். அந்தப் பெயருக்கு, அவள் மேசையை விட்டு அசையாமலேயே, வாசலில் யாரோ 'ஆம்' சொல்லிவிட்டார்கள்.

படியிறங்கி ஓடினாள். நல்லான் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"உள்ள போயிட்டீங்களா அம்மிணி? உங்க போனு 'டிங்'குனு வந்துச்சு. தண்ணி குடிக்கப் போனவன், உங்களுக்கு லேட்டாயிருமேன்னு திரும்பி ஓடியாந்து அமுக்கினனுங்க."

"என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"உள்ள வரலாமான்னு கேக்குமுங்க, எல்லாப் போன்லயும் அதேதான். ஒரு நாளைக்கு எத்தனைவாட்டிங்கறீங்க! சித்த நேரத்துக்கு ஒருக்கா ஒண்ணு மாத்தி ஒண்ணு. கை ஓஞ்சு போகுது."

"நல்லாண்ணா, வேண்டாம்னும் ஒரு பட்டன் இருக்குதில்லீங்க?"

நல்லான் அவளைச் சற்று விசித்திரமாகப் பார்த்தார். "தெரியாத ஆளு வந்தா நான் கேட்டைத் தாண்ட விடுவனுங்களா? இது நம்ம ஆளுக போனு. நம்ம ஆளு வாசல்ல நின்னு வரலாமுங்களான்னு மரியாதையாக் கேக்கறப்ப, வேண்டாம் போன்னு சொல்றது நல்லாவா இருக்கும்?"

"சித்த முன்னாடி கேட்டப்ப ஏன் மழுப்புனீங்க?"

"பொம்பளைப் புள்ளைக போன்ல கைய வெக்கறேன்னு நீங்க சத்தம் போட்டீங்கன்னா? அதானுங்க."

"உங்கள ஆரு அமுக்கச் சொன்னது?"

"மகுடேஸ்வரன் சாருங்க. ஆளுக ஓடி ஓடி வேலை கெடுது, நீயே அமுக்கியுடுன்னாரு. நீங்கதான் ஏற்பாடு பண்ணிக்கச் சொன்னீங்கன்னு சொன்னாருங்களே?"

தரணி அலமாரியைப் பார்த்தாள். சித்த நேரத்துக்கு ஒருமுறை எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும்படி செய்தவள் அவள். எண்ணை எடுத்துவிட்டவளும் அவள். தளத்து ஆட்களின் கைப்பேசிகள் வாசலில் கிடக்கும் என்று தெரிந்திருந்தும், அவர்கள் வாசலுக்கு ஓடுகிறார்கள் என்று சொன்னபோது, ஏன் ஓடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காதவளும் அவளே. தன்னைத் தவிர எல்லோரையும் குத்திப் பார்த்திருக்கிறாள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. நிறம் பார்க்கும் அறைக்குப் போய் அங்கிருந்த கணினியைத் திறந்தாள். பெயர் கேட்கும் கட்டத்தில் சுட்டியை வைத்தவுடன் முத்துப்பேச்சியின் பெயர் தானாக வந்து விழுந்தது. கீழே கடவுச்சொல்லும் கறுப்புப் புள்ளிகளாக நிரம்பியது. அடிக்கடி தட்டிச் சலித்துப்போன யாரோ, அல்லது முத்துப்பேச்சியேகூட, கணினி 'நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டபோது சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்காரத் தெரிந்த எவரும் முத்துப்பேச்சி ஆகலாம். பூட்டு, சாவி, காவல் மூன்றும் இருந்தன, மூன்றும் திறந்திருந்தன.

அன்றைக்கு மதியம் முத்துப்பேச்சி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? துணியை வெட்டியே தீர வேண்டிய நெருக்கடி யாருக்கு இருந்ததோ, வாசலில் 'ஆம்' தானாகவே வரும் என்று யாருக்கு நிச்சயமாகத் தெரியுமோ, அவர். முதலாளியின் அறையில் முத்துப்பேச்சியின் வாயை அடைத்தவரும் அவர்தாம். அவள் மகுடேஸ்வரனைத் தேநீர் இடைவேளையில் உணவுக்கூடத்தின் வெளியே பிடித்தாள்.

"ஏனுங்க சார், அன்னைக்கு மத்தியானம் ஷேடு ரூமுக்குப் போனீங்களா?"

"தெனமுந்தான் போறனுங்க. என்ற ஃப்ளோருதானுங்களே."

"முத்துப்பேச்சி அக்கா லாகின்ல..."

அவர் தேநீரை ஒரு மிடறு உறிஞ்சினார். "நாந்தான் பண்ணுனேன்னு உங்க சிஸ்டம் சொல்லுதுங்களா அம்மிணி?"

"சொல்லலீங்க."

"அப்புறம் என்னுங்க? சிஸ்டம் பொய் சொல்லாதுன்னு அத்தனை பேரு முன்னால நீங்கதானுங்களே சொன்னீங்க?" குவளையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "வரட்டுங்களா?" என்று சொல்லிப் போனார்.

அந்த நடையைப் பார்க்கப் பார்க்க அவள் சந்தேகம் கெட்டிப்பட்டது. ஆனால் கையில் ஒன்றும் இல்லை. முத்துப்பேச்சிக்கு எதிராக நிற்காத பதிவு, மகுடேஸ்வரனுக்கு எதிராக மட்டும் எப்படி நிற்கும்?

வெள்ளிக்கிழமை மாலை முதலாளியின் அறையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நல்லான் அழுத்தியதைச் சொன்னாள். தன் பெயரிலேயே சோதித்துப் பார்த்ததைச் சொன்னாள். தான் அமைத்த விதத்தில் எங்கெங்கே ஓட்டை என்று ஒன்று விடாமல் சொன்னாள். சுப்பண்ணன் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப அந்தம்மா பண்ணலையா?"

"பண்ணுனாங்கன்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க ஐயா. போன் அவங்க கையில இல்லைங்கறது மட்டும் நெசம். முடியாதுன்னு நான் அடிச்சுச் சொன்னது தப்புங்க."

"மகுடேஸ்வரனா?"

அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஒரே ஒரு 'ஆமாங்க' போதும். முதலாளி அவள் சொல்லை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார் என்பது முத்துப்பேச்சி விஷயத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த நினைப்புதான் அவளைத் தடுத்தது.

"சந்தேகம் இருக்குதுங்க. சாட்சி இல்லீங்க."

"சந்தேகம் உனக்கு எப்பத்தான் இல்லாம இருந்துச்சு" என்றார் சுப்பண்ணன். சிரிக்கவில்லை. "அந்தம்மா இருக்கட்டும். நீயே போயிச் சொல்லிரு. அப்புறம் அந்தப் பூட்டைச் சரி பண்ணு. எம்பேருக்கும் அந்தப் பெருசுதான் இத்தன நாளு அமுக்குனானா?"

"உங்க போனு உங்ககிட்டயே இருந்துச்சுங்க ஐயா."

"அது வரைக்கும் சந்தோசம்."

சனிக்கிழமை காலை முத்துப்பேச்சி தம் மேசையின் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். நூல் வெட்டும் சிறு கத்தரி, மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு பாக்குப் பொட்டலம் எல்லாம் துணிப் பைக்குள் போயிருந்தன. தரணி அருகில் குனிந்து, தணிந்த குரலில், வேலையை விட்டுப் போக வேண்டாம், விசாரணையில் பிழை நேர்ந்துவிட்டது என்று சொன்னாள்.

முத்துப்பேச்சி நிமிரவில்லை. "என்னமோ காதுல வந்து சொல்லுதீக."

"ஆமாங்க, அது வந்து..."

"களவாணிப் பட்டம் கட்டுனப்ப இங்கன அத்தனை பேருக்கும் கேட்டுச்சே. அன்னிக்கி ராத்திரியே எங்க அக்கா மவன் வீட்டுக்கு வந்து ஏன் சித்தி, என்னையும் சேத்து மாட்டிவிட்டியான்னு கேட்டுட்டுப் போயிட்டான். இப்ப மட்டும் எனக்கு ஒருத்திக்குக் கேட்டாப் போதுமா? காதுல கேட்டதை வச்சுக்கிட்டு நான் இங்க இருந்து என்ன செய்ய?"

பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

தரணி நிமிர்ந்தாள். தையல் பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்காணிப்பாளரிடம் சொல்லி அந்த வரிசையை நிறுத்தச் சொன்னாள். சத்தம் அடங்கியபோது அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. கருநீல லாட்டை முத்துப்பேச்சி அக்கா ஓகே பண்ணுனாங்கன்னு இந்த இடத்துல நின்னு நான் சொன்னேன். அது தப்பு. அவங்க போன் அன்னைக்கு வாசல்ல இருந்துச்சு. வேற ஆரோ அவங்க பேர்ல உள்ள போயிருக்கறாங்க. அப்படிப் போக முடியற மாதிரி வெச்சது நானுங்க."

கூடத்தின் ஒரு மூலையில் ஒடிசாக்காரப் பையன் பக்கத்துத் தையற்காரரிடம், "க்யா ஹுவா?" என்று, என்ன நடந்ததென இந்தியில் கேட்டான்.

"சிபிஐ ஸாரி போல்தா ஹை" என்றார் அவர் அரைகுறை இந்தியில்; சிபிஐ மன்னிப்புக் கேட்கிறதாம்.

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். தூரத்தில், வெட்டுமேசைக்கு அருகே, மகுடேஸ்வரன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். 'வேற ஆரோ' என்ற சொற்கள் அவரைச் சென்று தொட்டனவா என்பதை அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பொறிகள் மறுபடியும் ஓடத் தொடங்கின. முத்துப்பேச்சி பையை மேசைக்கடியில் வைத்தார், அவிழ்க்கவில்லை.

பூட்டைச் சரிசெய்ய மேலும் சில வாரங்கள் ஆயின. இந்த முறை தரணி தன் இருக்கையில் அமர்ந்து திட்டமிடவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய், யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை முறை கணினியைத் தொடுகிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். தளத்தில் இருப்பவர்களுக்குக் கைப்பேசிக் கேள்வியை நீக்கினாள். எல்லோர் கழுத்திலும் தொங்கும் அடையாள அட்டைக்குப் பதிலாகச் சில்லு வைத்த புதிய அட்டை. அதைக் கணினியோடு இணைத்த சிறு பெட்டியில் வைத்து, அவரவர் மட்டுமே அறிந்த இரகசிய எண்ணைத் தட்டினால் திறக்கும். கணினி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. பூட்டிக்கொள்ளும் நேரத்தையும் வேலைக்கு ஏற்பத் தளர்த்தினாள். வாசலில் நல்லானுக்கு இனி அழைப்பு மணிகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை. அவருக்கு அதில் சிறிது வருத்தம் என்று கேள்வி.

அட்டைகளைப் பதிவு செய்யும் வேலையை நிறம் பார்க்கும் அறையிலிருந்து தொடங்கினாள். முத்துப்பேச்சி வந்து நாற்காலியில் அமர்ந்தார். அட்டையைப் பெட்டியில் வைத்தார். இரகசிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும்படி திரை கேட்டது. தரணி வழக்கம்போல அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

விசைகளின் மேல் கொண்டுபோன கையை முத்துப்பேச்சி பாதியில் நிறுத்தினார்.

"மேடம்."

"சொல்லுங்கக்கா."

"அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க."

தரணிக்கு முகம் சிவந்தது. தான் பார்த்தாலும் ஒன்றுமில்லை, தனக்கு அந்த எண் தேவையே இல்லை என்று விளக்க வாயெடுத்தாள். பிறகு அதை விட்டுவிட்டுத் திரும்பி, நிற அட்டைகள் தொங்கிய சுவரைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் முத்துப்பேச்சி இடது கையைக் குவித்து விசைப்பலகைக்கு மேல் கூரைபோல் வைத்துக்கொள்ளும் வளையல் ஓசை கேட்டது. ஒரு தட்டல். இன்னொரு தட்டல். நீண்ட இடைவெளி.

"ஆச்சுங்களா அக்கா?"

"இன்னும் இல்ல. திரும்பாதீக."

தரணி சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.